வேனில் படுத்துறங்குகிறவர்கள் கவனத்துக்கு

கேம்பர் வேனில் நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கம் வருகிற உறவுகளே, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே கரிச்சட்டி வைப்பதும், கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வதும் தயவுசெய்து வேண்டாம். இங்கே இராக்குளிர் பொல்லாததுதான், தெரியும். போர்வையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காற்றுப் போதாமல் எரிகிற எதிலிருந்தும் கார்பன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்ட வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, குமட்டல், அசதி வரும். பயணக் களைப்பென்று படுத்தால் எழும்பாமலே போகலாம். புகையடங்கிச் சிவந்து கிடக்கிற தணலிலிருந்தும் அது வந்துகொண்டேதான் இருக்கும். "புகையே இல்லையே" என்று சொல்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

சிலிண்டர் கேஸ் கசிவது வேறு. அதற்கு மணம் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் தூங்குகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது? காற்றைவிடப் பாரம் என்பதால் தரையோடு படியும். ஆகவே கேஸ் டிடெக்டர் தரையை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் மொனொக்சைட்டுக்கு வேறு சென்சர், அது படுக்கிற இடத்துக்குக் கிட்ட.

வாடகை வேன் என்றால் சாவி வாங்கும்போதே இந்த இரண்டின் டெஸ்ட் பட்டனையும் அமத்துங்கள். காதைப் பிளக்கிற மாதிரிக் கத்த வேண்டும். பின்பக்கத்தில் காலாவதித் திகதியையும் பாருங்கள், சென்சருக்கும் ஆயுள் உண்டு.

இரவில் டிடெக்டர் அலறினால் எல்லாரையும் எழுப்பிக்கொண்டு வெளியே இறங்குங்கள். கேஸ் மணந்தால் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். யாருக்காவது மயக்கமென்றால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுங்கள்.