பழைய ரவி வர்மா படத்தைக் கடையில் போடும் முன்

தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில், ஓவியர் ரவி வர்மாவின் அச்சுப் படங்களான தாமரையில் நிற்கும் லட்சுமியும் வீணையோடு சரஸ்வதியும் இன்னும் சுவரில் இருக்கிறார்கள். வீட்டை இடிக்கும்போது அந்தப் படங்கள் பழைய சாமான் கடைக்குப் போய்விடுகின்றன. கொடுக்கும் முன் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

நிறங்கள் ஒழுங்கான வரிசையில், ஒரே மாதிரிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்கால ஆப்செட் அச்சு. சீரில்லாமல், பொடி தூவியதுபோல் தெரிந்தால் கல் அச்சாக இருக்கலாம். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைவார்கள். கல்லை நனைத்தால் பசையுள்ள இடம் மட்டுமே அச்சு மையைப் பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். தாள் சற்றே நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு வெளியே நிற்கும். கடைசியில் வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம்போல் மினுங்க வைப்பார்கள்.

கீழ் விளிம்பில் அச்சகப் பெயர் இருக்கும். 1894-ல் பம்பாய் காட்கோபரில் தொடங்கிய ரவி வர்மா பிரஸ், பிறகு லோனாவ்லா பக்கம் இடம் மாறியது. ஆகவே கார்லா, லோனாவ்லா என்று இருந்தால் அது மாறிய பிறகு அடித்தது. பிரேம் போட்டவர் விளிம்பை வெட்டியிருந்தால் இந்தச் சான்று போச்சு.

ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. வார்னிஷ் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தாள் உப்பிவிடும். குங்குமம் வைப்பதானால் கண்ணாடிமேல் வையுங்கள். நம்ம ஊரில் இரண்டு மழைக்காலம். கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் வார்னிஷ் அதில் ஒட்டும், பிரிக்கும்போது நிறமும் உரிந்து வரும். நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி வருமாறு அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கப் பலகையின் அமிலம் தாளைப் பழுப்பாக்கும், அதை மாற்றிவிடுங்கள். புடவையில் ஜரிகையும் மணியும் ஒட்டியிருந்தால் கழற்ற வேண்டாம். அது அந்த வீட்டுப் பெண்களின் கைவேலையாக இருக்கலாம்.

"வெறும் காலண்டர் படம், ஐரோப்பியப் பாணி" என்று ரவி வர்மாவைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பாணி ஐரோப்பியதுதான். ஆனால் திருவிதாங்கூரில் கோயில் நுழைவு அனுமதி வந்தது 1936-ல். அதற்கு நாற்பது ஆண்டு முன்பே, நடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரும் காசு கொடுத்து வாங்கி மாட்டக்கூடிய லட்சுமியை இந்த அச்சகம் அடித்தது. அவர் ஓவியங்களில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

அச்சைப் பார்த்தபின் கிளிமானூர்க்காரரான ரவி வர்மாவின் கைவண்ணத்தையும் பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் 1899-ல் வரைந்த 'அன்னமும் தமயந்தியும்' என்ற எண்ணெய் ஓவியம் இருக்கிறது. முதலில் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிறகு கிட்டப் போய்ப் பக்கவாட்டிலிருந்து, நகையும் ஜரிகையும் உள்ள இடத்தைப் பாருங்கள். தூரத்தில் தங்கமாக மின்னியது கிட்டத்தில் மஞ்சளும் வெளுப்புமான தூரிகைத் தீற்றலாகப் பிரிந்துவிடும். நிழல் விழும் இடங்களில் வண்ணம் மெல்லிசு, வெளிச்சம் படும் இடங்களில் தடிமன். அச்சில் இந்த ஏற்ற இறக்கம் வராது. நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் போனால் மாலைக்குள் திரும்பலாம், திங்கட்கிழமை விடுமுறை.