பயணப் பணத்துக்கும் வரி பிடித்தார்கள்

இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. மாதத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாக அலைச்சல்தான். டிக்கெட், விடுதி அறை, வாடகைக் கார் எல்லாம் முதலில் என் கார்டில் போகும். திரும்பி வந்து பில்களை ஒட்டிக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் பணம் கணக்கில் ஏறிவிடும்.

முதன்முதலாக வரிக் கணக்கை நானே தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது, வங்கி வரவுகளை ஒன்றுவிடாமல் கூட்டிப் பார்த்தேன். சம்பளச் சான்றில் இருந்ததைவிட ஏகத்துக்கும் கூடுதல். வருமானத்தை மறைத்துவிட்டேனோ என்று அன்றிரவு தூக்கமே இல்லை. விஷயம் என்னவோ சின்னதுதான். கம்பெனிக்காக நான் போட்ட பணம், கைமாற்று திரும்புவதைப் போலத் திரும்பி வந்திருக்கிறது. அது வருமானத்தில் சேராது.

மூன்றாம் வருடம் நிர்வாகம் ஒரு சலுகை அறிவித்தது: இனி பில் வேண்டாம், மாதாமாதம் ஒரே தொகையாகப் பயணப்படி. எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவன் நான்தான். அடுத்த சம்பளச் சீட்டில் அந்தப் படி தனி வரியாக வந்து உட்கார்ந்திருந்தது (எழுத்து வரியைச் சொல்கிறேன்). கீழே மற்ற வரியும் ஏறியிருந்தது. என் வரி 20 சதவீதம் என்று வையுங்கள். பயணத்துக்கு 100 செலவு, கம்பெனி கொடுப்பதும் 100, கைக்கு வருவது 80. மீதி 20 என் பையிலிருந்து.

கணக்குப் பிரிவு மேடத்திடம் போய் நின்றேன். "தம்பி, பில்லே இல்லாமல் கொடுத்தால் அது பயணத்துக்குத்தான் போனது என்று யார் சொல்வது? சம்பளத்தோடுதான் சேரும்" என்றார்.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். பல நாட்டுச் சட்டங்களும் இந்த ஒரு இடத்தில்தான் சுற்றுகின்றன. இந்தியாவில் அலுவல் பயணத்துக்குத் தரும் படியில் உண்மையில் செலவான அளவுக்குத்தான் விலக்கு, மிச்சம் வருமானம். அமெரிக்காவில் செலவு நடந்து 60 நாளுக்குள் கணக்குக் காட்டி, மிஞ்சிய முன்பணத்தை 120 நாளுக்குள் திருப்பிவிட்டால் தொல்லை இல்லை. முன்பணத்தில் மிஞ்சியது சின்னத் தொகைதானே என்று பையிலேயே வைத்துக்கொண்ட காலமும் எனக்கு உண்டு. சரி, அதை விடுவோம்.

வீட்டிலிருந்து வழக்கமான அலுவலகத்துக்குப் போய் வருவது பெரும்பாலும் அலுவல் பயணம் ஆகாது. வேலை முடிந்தபின் சுற்றிப் பார்க்கத் தங்கிய இரண்டு நாள் அறை வாடகையைக் கம்பெனி கொடுத்தால், அது சலுகை, வரி உண்டு. என் நண்பன் ஒருவன் கம்பெனி கொடுத்துவிட்ட டிக்கெட்டையே வரிக் கணக்கிலும் செலவாகக் கழித்துக் காட்டி மாட்டிக்கொண்டான். ஒரே செலவுக்கு இரண்டு கை நீட்ட முடியாது. கம்பெனி தராமல் விட்ட செலவையாவது கழிக்கலாமா என்றால், அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2018 முதல் பெரும்பாலான ஊழியர்களுக்கு மத்திய அரசு வரியில் அந்த வழி இல்லை.

நான்கு பேர் சேர்ந்து நிர்வாகத்துக்கு எழுதி, எட்டு மாதம் கழித்துப் பழைய பில் முறைக்கே திரும்பினோம். அந்த எட்டு மாதத்தில் போனது போனதுதான். வெப்பத்தாள் பில்கள் சீக்கிரம் வெளுத்துவிடுவதால், வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துவிடுகிறேன். ஒட்டும் வேலை மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.