ராயபுரம் ஸ்டேஷன் நாட்குறிப்பு

ஜூன் 25, 2024, செவ்வாய்

ஆவடி போறதுக்கு ராயபுரம் பிளாட்பாரத்துல நிக்கறேன், வண்டி இன்னும் வரல. சென்ட்ரல் பக்கம் மாதிரி இங்க அடிக்கடி லோக்கல் கிடையாது, ஒண்ண விட்டா காத்துக்கெடக்க வேண்டியதுதான். எனக்கு அது கஷ்டமா தெரியறதில்ல, ஏன்னா பக்கத்துலயே அந்த பழைய ஸ்டேஷன் கட்டடம் இருக்கு, செவப்பு சுவரு, வெள்ளை வெளேர்னு உருண்டைத் தூணுங்க, பாத்துட்டே நிக்கலாம். கூட நின்ன காலேஜ் பையன் "அண்ணா, அது என்ன கோர்ட்டா?"ன்னு கேட்டான். ஸ்டேஷன்தான் தம்பி, நீ நிக்கற இதே ஸ்டேஷன்னு சொன்னேன், நம்பவே இல்ல. அதுக்குள்ள வண்டி வந்துடுச்சு, முழுசா சொல்ல முடியல.

ஜூன் 28, வெள்ளி

இன்னிக்கு அந்தக் கட்டடத்துக்குப் பொறந்தநாள். 1856 ஜூன் 28ல கவர்னர் ஹாரிஸ் தொறந்து வெச்சாரு, 168 வருஷம் ஆயிடுச்சு. பம்பாய்ல 1853லயே ரயில் ஓட ஆரம்பிச்சிடுச்சு, ஆனா அப்ப இருந்த ஸ்டேஷன் கட்டடம் இப்ப அங்க இல்ல, அதனால நாட்டுலயே இன்னும் நிக்கறதுல பழசு நம்ம ராயபுரம்தான். 1873ல சென்ட்ரல் வந்துச்சு, அப்புறம் பெரிய வண்டியெல்லாம் ஒவ்வொண்ணா அங்க போயிடுச்சு. 2005ல புதுப்பிச்சாங்க, நல்லாவே செஞ்சிருந்தாங்க. இன்னிக்கு ஒரு மாலை கூட இல்ல, மனசு கேக்கல எனக்கு.

ஜூலை 1, திங்கள்

தென்னிந்தியாவோட முதல் பாசஞ்சர் ரயில் கிளம்புன நாள். 1856 ஜூலை 1, இங்கேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும். அரக்கோணம் தாண்டி இருக்கே, அதே வாலாஜாதான். நான் தெனம் ஆவடி போறதும் அந்த முதல் வண்டி போன ரூட்லதான், பெரம்பூர் தாண்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

சாயங்காலம் திரும்பி வரப்போ எஞ்சினுங்கள நிறுத்தி பராமரிக்கற ராயபுரம் லோக்கோ ஷெட்டுக்குப் போற எலக்ட்ரிக் எஞ்சின் ஒண்ணு மெதுவா ஊர்ந்து போச்சு, பக்கவாட்டுல ராயபுரம்னு பெயிண்ட்ல எழுதியிருந்துச்சு, "ரா"வுல மட்டும் கொஞ்சம் பெயிண்ட் உரிஞ்சிருந்துச்சு. நம்ம ஷெட்டு எஞ்சினுங்க தமிழ்நாடு எக்ஸ்பிரஸ இழுத்துட்டு டெல்லி வரைக்கும் போவுது, அந்த ஊர் பிளாட்பாரத்துல நம்ம பேட்டை பேரு போயி நிக்குது. ஆனா இங்கேர்ந்து ஒரு எக்ஸ்பிரஸ் கிளம்பறதில்ல.

ராயபுரத்த டெர்மினல் ஆக்குங்க, வெளியூர் வண்டிங்க இங்கேர்ந்தே கிளம்பட்டும்னு வடசென்னை ஜனங்க கேக்காத வருஷம் இல்ல. மூணாவது டெர்மினல் தாம்பரத்துக்குப் போச்சு, அந்தப் பக்கமும் கூட்டம் இருக்கு, அத தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொத்தியூர்ல இருக்கறவன் பொட்டி படுக்கையோட ஊருக்குப் போகணும்னா சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும்தான் அலையணும், அவனுக்கும் ஒரு வண்டி வேணும் இல்லையா. டெர்மினல் கேக்கறத விடக்கூடாது, ஆனா அதுவரைக்கும் அந்தக் கட்டடத்த சும்மா பூட்டி வெக்காம உள்ள ஒரு ஹால்ல பழைய படங்க, மேப்பு, முதல் வண்டி போன ரூட்டு, இதெல்லாம் மாட்டி தொறந்து விடுங்க. சென்னை பீச் ஸ்டேஷன்லேர்ந்து அடுத்த ஸ்டேஷன்தான், ஸ்கூல் பசங்கள லோக்கல்லயே கூட்டிட்டு வந்து காட்டலாம், டீச்சருங்க யாராச்சும் இத படிச்சா ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, வெளிய நின்னு பாத்தாலே பசங்க நெறைய கேள்வி கேப்பாங்க.