கேமன் தீவில் கொள்ளையர் வாரம்: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 4

கரீபியன் கடலிலுள்ள கேமன் தீவுகளின் கடற்கொள்ளையர் வாரம் நெருங்கிவிட்டது. 1977 முதல் நடக்கும் விழா. சுற்றுலாக் கூட்டம் குறைந்த மாதமென்றுதான் நவம்பரைப் பிடித்தார்கள். கூட்டம் ஏன் குறைவு என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்: புயல் பருவம் நவம்பர் 30 வரை ஓடுகிறது. 2008 நவம்பர் 8 அன்று பலோமா புயல் இங்குள்ள தீவுகளில் ஒன்றான கேமன் பிராக்கைப் புரட்டிப் போட்டது. வானிலை பார்க்காமல் விமான டிக்கெட், விடுதி இரண்டுக்கும் முழுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

நவம்பர் 6

விழாவின் அட்டைப் படகுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் இப்போதே வேலையைத் தொடங்க வேண்டும். எந்தப் பொருளுக்கு அனுமதி என்று அந்த ஆண்டின் விதிகளைப் படித்துவிட்டு அட்டை வாங்குங்கள்.

தட்டையான அடிப்பாகமே நல்லது. 2 மீட்டர் நீளம், 75 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 1.5 சதுர மீட்டர். இரண்டு பேரும் படகும் சேர்ந்து 150 கிலோ இருந்தால், கடல்நீரில் சுமார் 10 செ.மீ. அமிழும். பக்கச்சுவர் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சின்ன அலையே உள்ளே தண்ணீரைக் கொட்டிவிடும்.

அடியில் இரண்டு அடுக்கு அட்டை. ஒன்றின் நெளிவரி (அட்டைக்குள் ஓடும் மடிப்புக் கோடுகள்) நீளவாக்கில், மற்றது குறுக்குவாக்கில். எல்லாம் குறுக்கே போனால் படகு நடுவில் மடிந்துவிடும். வெட்டிய ஓரங்கள்தான் எமன்: நெளிவுக் குழாய்கள் வழியே தண்ணீர் உறிஞ்சி ஏறும். ஓரங்களை முதலில் டக்ட் டேப்பால் மூடி, அதன்மேல் எண்ணெய்ப் பெயின்ட் இரண்டு பூச்சு. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. இந்தத் தீவின் ஈரக்காற்றில் அட்டை ஒரே இரவில் நமுத்துப்போகும், டேப்பும் பிடிக்காது. ஏசி அறையில் வைத்து வேலை செய்யுங்கள். முட்டி ஊன்றும் இடத்தில் கூடுதலாக ஓர் அட்டைப் பலகை போடுங்கள். பெரும்பாலான படகுகள் ஓட்டை விழுவது அங்கேதான்.

நவம்பர் 9

இன்று மாலை கொள்ளையர் கரையிறக்கம். தலைநகர் ஜார்ஜ் டவுனின் துறைமுகத்துக்குள் பாய்மரக் கப்பல் வரும், பீரங்கி வெடிக்கும், வேடமிட்டவர்கள் இறங்கி ஆளுநரைப் பிடித்துப்போவார்கள். துறைமுகம் மேற்கு பார்த்தது. வெயில் நேரே முகத்தில் அடிக்கும். கட்டடங்களின் நிழலை நம்பாமல் தொப்பி கொண்டு போங்கள். 5.50க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கடற்கரைச் சாலையை மூடிவிடுவார்கள் என்பதால் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே உத்தமம்.

கெடுப்பது வடமேற்குக் காற்று. நவம்பரில் வடக்கிலிருந்து குளிர்முனை (குளிர்காற்றின் முன்விளிம்பு) இறங்கினால் ஜார்ஜ் டவுன் கரை முழுக்கக் கொந்தளிக்கும். பயணக் கப்பல்களிலிருந்து ஆட்களைக் கரைக்குக் கொண்டுவரும் சிறு படகுகளைத் தெற்குக் கரையிலுள்ள ஸ்பாட்ஸ் துறைக்கு மாற்றிவிடுவார்கள். அந்தச் சேதி காதில் விழுந்தால், கரையிறக்கம் நடக்குமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கையில் அமெரிக்க டாலர் இருந்தாலும் கடைகளில் செல்லும். கேமன் டாலர் ஒன்றுக்கு 1.20 அமெரிக்க டாலர் என்பது நிலையான விகிதம்; கடைக்காரர்கள் பொதுவாக 10 அமெரிக்க டாலரை 8 கேமன் டாலராகக் கணக்கிட்டு, சில்லறையைக் கேமன் காசில் தருவார்கள்.

நவம்பர் 12

ஊர் ஊராக நடக்கும் மரபு நாட்களைத் தவறவிடாதீர்கள். என்னைக் கேட்டால் விழாவே இதுதான். கொள்ளையர்கள் இங்கே தண்ணீருக்கும் ஆமைக்கும் ஒதுங்கிப் போனவர்கள். தீவைக் கட்டியவர்கள் ஆமை பிடித்தவர்களும் கயிறு திரித்தவர்களும்.

வெள்ளிப் பனை என்ற உள்ளூர் மரத்தின் ஓலையில் கயிறு திரிப்பதை அருகில் நின்று பாருங்கள். விரியாத குருத்தை வெட்டி, வெயிலில் காயவைத்து, நாராகக் கிழித்து, முறுக்கிப் புரி ஆக்குகிறார்கள். ஒருவர் கைப்பிடியைச் சுழற்ற, மூன்று பள்ளமுள்ள மரக்கட்டை ஒன்று புரிகளைப் பிரித்துப் பிடித்தபடி நகர்கிறது. கட்டை தாண்டிய இடத்தில் மூன்றும் ஒன்றாக இறுகுகின்றன. கட்டையை அவசரமாகத் தள்ளினால் கயிறு தளர்ந்துபோகும். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது என்பதால் ஜமைக்காவில் நல்ல கிராக்கி இருந்தது. பெரும்பாலும் பெண்கள் திரித்து, மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பண்டமாற்று செய்தார்கள்.

அடுத்த மேசையில் மரவள்ளி 'ஹெவி கேக்'. கேக் என்று நினைத்துக் கடிக்காதீர்கள், நம் அல்வாவுக்குத்தான் பக்கத்து வீடு. வீட்டில் செய்ய: துருவிய மரவள்ளி ஒன்றரை கிலோ, இரண்டு தேங்காயின் பால், முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ பழுப்புச் சர்க்கரை, வெண்ணெய், உப்பு, ஜாதிக்காய், பட்டை. பாலையும் சர்க்கரையையும் கொதிக்கவைத்துத் துருவலில் கலந்து, ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். மேல்பரப்பு காயத் தொடங்கினால் கொஞ்சம் தேங்காய்ப் பால் ஊற்றுங்கள். சூடாக வெட்டினால் கத்தியோடு இழுத்துக்கொண்டு வரும். இரவு முழுக்க ஆறட்டும்.

ஆமைக் குழம்பு வேண்டுமென்பவர்கள் மதியத்துக்கு முன்பே போங்கள், முதலில் தீர்வது அதுதான்.