கேஸ் மாத்திரையும் என் ரத்தசோகையும்: மலைக்கும் சேலத்துக்கும் அலைந்த அலைச்சல்

ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து எங்கள் வீட்டு மேடு ஏறுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கியதால் எடுத்த டெஸ்ட் அது. சேலத்தில் முதலில் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "லேடீஸ்னா கொஞ்சம் கம்மியாத்தாம்மா இருக்கும், பீட்ரூட், பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்று இரும்பு மாத்திரை எழுதினார். எனக்கு மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிறது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாத்திரை போட்டும் அளவு அசையவே இல்லை.

நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்காகத் தினமும் காலையில், வயிற்று அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோல் 40 என்ற கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுதிக் கொடுத்தவர் எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரரோ என் தலையைப் பார்த்ததும் அட்டையை எடுத்து வைத்துவிடுவார். "வேற என்ன மருந்து எடுக்கறீங்க?" என்று கேட்டால் நாம் பிரஷர், சுகர் மாத்திரையைத்தான் சொல்வோம். கேஸ் மாத்திரையை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

சேர்த்தவர் அடுத்துப் பார்த்த குடல் டாக்டர். பையிலிருந்த அட்டையெல்லாம் மேஜையில் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கீரை, பயறு, தானியத்தில் இருக்கும் இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்ச வேண்டுமானால் வயிற்று அமிலம் அதைப் பக்குவப்படுத்தித் தர வேண்டும். அமிலத்தை அடக்கினால் அந்த வேலை படுத்துவிடும். கறியில் இருக்கும் இரும்புக்கு அமிலம் அவ்வளவு தேவையில்லை. நானோ சைவம். போதாக்குறைக்குச் சாப்பிட்ட கையோடு காபி வேறு. காபி, டீ இரண்டுமே இரும்பை உள்ளே விடாது. உணவிலிருந்து பி12 பிரிவதற்கும் அமிலம் வேண்டும். இவ்வகை மாத்திரையை இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்தவர்களிடம் பி12 குறைபாடு கூடுதலாகத் தெரிந்தது என்று 2013-லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஆய்வு வந்திருக்கிறதாம். "ஆனா உடனே மாத்திரை மேல பழியப் போட்டுட முடியாதும்மா. இந்த வயசுல இரும்பு குறைஞ்சா எங்கயாவது ரத்தம் கசியுதான்னு முதல்ல பாக்கணும்" என்றார். இதைச் சொல்ல ஒருவர் கிடைத்தாரே என்றிருந்தது.

அலைச்சல் அதற்கப்புறம்தான் ஆரம்பம். அவர் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் டெஸ்ட்), பி12 என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். லேப் கவுண்டரில் இருந்த பெண், "ரத்தசோகை பேக்கேஜ் போட்டுக்கங்க மேடம், எல்லாம் இதுலயே வந்துடும்" என்று பில் போட்டுவிட்டது. ரிப்போர்ட்டில் எல்லாம் வந்தது, ஃபெரிட்டினைத் தவிர. ரத்தத்தில் இரும்பு அளவு மட்டும் நார்மல் என்று இருந்தது. அன்று காலை இரும்பு மாத்திரை போட்டுவிட்டுப் போனால் நார்மல் காட்டாமல் என்ன செய்யும்! மறுபடி வெறும் வயிற்றில் ரத்தம், மறுபடி காசு. பேக்கேஜ் பெயரை நம்பாமல், பில்லில் ஃபெரிட்டின் என்று தனியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கவுண்டரை விட்டு நகருங்கள். 15-க்குக் கீழே போனால் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலி என்று அர்த்தம். எனக்கு 7. பி12-ம் குறைவுதான்.

அடுத்து, ரத்தம் கசிகிறதா என்று பார்க்கும் வேலை. வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோபி சிக்கலில்லாமல் முடிந்தது. பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிதான் என்னைக் கொன்றுவிட்டது. முந்தின நாள் ராத்திரி முழுக்க அந்த உப்புக்கரிக்கும் பேதி மருந்தைக் குடித்துவிட்டு, விடியக்காலையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. பக்கத்து சீட்டு அம்மா, "வாந்தி வருதாக்கா, எலுமிச்சம்பழம் தரட்டா?" என்று கேட்டது. வாந்தி வந்திருந்தால் பரவாயில்லையே! போய்ச் சேர்ந்து கவுன் மாட்டிய பிறகு நர்ஸ் கேட்கிறார்: "இரும்பு மாத்திரை எப்ப நிறுத்துனீங்க?" நேற்று வரை போட்டேன் என்றதும், "ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணுமே, குடல்ல கருப்பா ஒட்டிக்கும், உள்ள ஒண்ணும் தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுத்த தாளை அங்கேயே நின்று வரி வரியாகப் படித்துக் காட்டினேன். அதில் அப்படி ஒரு வரி இல்லை. பேனாவை வாங்கிச் சிவப்பில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அடுத்த முறை முந்தின நாளே சேலம் அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் போய்த் தங்கிக்கொண்டேன். மலையில் இருப்பவர்கள் தயவுசெய்து இதையே செய்யுங்கள்.

புண், கட்டி, ரத்தக்கசிவு, கிருமி எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான், நீண்ட நாள் மாத்திரையும் என் சாப்பாட்டு முறையும் சேர்ந்துதான் காரணமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரும்பை டிரிப்ஸில் ஏற்றினார்கள். பி12 ஊசி தனி.

கேஸ் மாத்திரையை நானே தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டதற்குக் கண்டிப்பாகக் கூடாது என்றார். திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கலாமாம். 40-ஐ 20 ஆக்கி, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி இறங்கினேன். அப்படியும் நடுவில் சில ராத்திரிகள் தொண்டைவரை எரிந்தது. தட்டுவடை செட்டுக்கு அப்போது விடை கொடுத்ததுதான், பெரிய தியாகம். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ தினமும் எடுப்பவர்கள், உணவுக்குழாயில் புண் இருப்பவர்கள் என்னைப் பார்த்துக் கேஸ் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு அதுதான் ரத்தக்கசிவு வராமலே காக்கிறதாம்.

இப்போது ஹீமோகுளோபின் 11.6. ஒண்டிக்கடை மேட்டை ஒரே மூச்சில் ஏறிவிடுகிறேன். எப்போதாவது எரிந்தால் மட்டும் போட ஃபாமோடிடின் எழுதியிருக்கிறார், பழைய மாத்திரையைவிட லேசானது. போன வாரம் அதை வாங்கப் போனபோது, இத்தனை வருஷம் கேட்காமலே அட்டையை எடுத்துக் கொடுத்த அதே கடைக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "சீட்டு இருக்குங்களாக்கா?"