400 கிலோவுக்குள் ஐந்து பேர்

போன வருடம் மார்ச் கடைசியில் ஒரு பழைய ஜே/24 பாய்ப்படகு வாங்கினேன். ஓகஸ்டில் கனடாவின் கிங்ஸ்ரனில் ஜே/24 படகுகளுக்கு மட்டுமான ரெகாட்டா, அதாவது பாய்ப்படகுப் போட்டி ஒன்று இருந்தது. இடையில் நான்கரை மாதம். படகைத் திருத்துவதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். ஆட்களைச் சேர்ப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

ஜே/24 என்பது 24 அடி நீளப் படகு. ரொட் ஜோன்ஸ்ரன் 1976இல் அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில் உள்ள ஸ்ரோனிங்ரனில் தன் வீட்டுக் கராஜில் முதலாவதைக் கட்டினார். பிறகு உலகம் முழுக்க 5,000க்கு மேல் கட்டிவிட்டார்கள். எல்லாம் ஒரே அச்சு. உடல், நிறை, பாயின் அளவு எல்லாவற்றுக்கும் விதி உண்டு. காசு உள்ளவர் பெரிய பாய் வாங்கிப் போட்டு முந்திவிட முடியாது. என் படகு 1981இல் கட்டியது. அதை விடப் பல வருடம் புதிய படகுகளோடு ஒரே கோட்டில் நின்று புறப்படலாம். இந்தப் படகில் எனக்கு ஆசை வந்ததே அதனால்தான்.

முதலில் தளத்தைப் பார்த்தோம். இந்தப் படகுகளின் தளம் இரண்டு பைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவில் பால்சா மரம் வைத்துச் செய்தது. ஆணி போன ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் அந்த மரம் உள்ளுக்குள்ளேயே உக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கைப்பிடிக் கம்பிகளின் அடியில் சின்னத் துளை போட்டேன். முதல் மூன்று இடங்களில் வெளிறிய மஞ்சளாய் உலர்ந்த தூள் வந்தது. நாலாவதில் துளைக்கருவியின் நுனியில் கறுத்த பிசின் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தேன். ஊரில் தும்புக்காகத் தண்ணீரில் புதைத்து வைத்த தேங்காய் மட்டையைக் கிளறும்போது வருமே, அதே நாற்றம். மேல்தகட்டை இரண்டு சாண் அகலத்துக்கு வெட்டி, உக்கினதைச் சுரண்டி, ஒரு கிழமை சூடு காட்டி உலர்த்தி, புதுப் பால்சாவும் எபொக்சிப் பசையும் வைத்து மூடினோம். மற்ற ஓட்டைகளையும் பெரிதாக்கி, எபொக்சி நிரப்பி, அது இறுகிய பிறகு திரும்பவும் துளைத்தோம். இனி அந்த ஓட்டைகளால் தண்ணீர் போனாலும் மரத்தைத் தொடாது.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜே/24இல் ஐந்து இடம்: சுக்கான், பாய் இழுப்பவர், நடு, பாய்மரத்தடி, அணியம் என்கிற முன்முனை. காற்று பின்னால் வரும்போது முன்னால் விரிக்கிற பெரிய பாய் ஸ்பினக்கர். அணியத்தில் நிற்பவர்தான் அந்தப் பாயின் கம்பைக் கழற்றி மாட்ட வேண்டும். எனவே எடை குறைவாகவும் கை வேகமாகவும் இருக்க வேண்டும். ஐந்து பேரின் மொத்த நிறை 400 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி.

ரொறன்ரோவில் புதன்கிழமை மாலைப் போட்டிகளுக்கு ஆள் கிடைப்பது லேசு. வேலை முடிந்து வந்து இரண்டு மணித்தியாலம் ஓட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் நான்கு நாள் லீவு போட்டு, 260 கிலோமீற்றர் வந்து, தங்குமிடத்துக்கும் காசு போட யார் தயார்? பதினொரு பேரிடம் கேட்டேன். எட்டுப் பேர் உடனே ஓம் என்றார்கள். மே மாதம் நான்கு பேர் இருந்தார்கள்.

அந்த நான்கு பேரைக் காட்டித் தந்தது உப்புத்தாள்தான். படகின் அடியையும், அதன் கீழே துடுப்பு மாதிரி நீண்டிருக்கும் ஈயக் கீலையும் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். மேடு பள்ளத்தை எபொக்சியால் நிரப்பி, நீளப் பலகையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்து, கடைசியில் 400ஆம் இலக்கத் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற வேலை. முகமூடி போட்டுக்கொண்டு, படகின் கீழே குந்தியிருந்து, நாள் முழுக்கச் செய்ய வேண்டும். எல்லோரையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டேன். அனுபவம் நிறைய உள்ள இரண்டு பேர் வரவில்லை. பாய்ப்படகில் இரண்டே தரம் ஏறியிருந்த என் மருமகள், அக்காவின் மகள், காலை எட்டு மணிக்கே வந்து நின்றாள். அடுத்த சனியும் வந்தாள். அவளைத்தான் அணியத்தில் விட்டேன். இப்போது யார் என்னிடம் கேட்டாலும் சொல்வேன்: ஆளை முதலில் கடலுக்கோ ஏரிக்கோ கூட்டிப்போகாதீர்கள், தேய்க்கக் கூப்பிடுங்கள்.

மனதுக்குக் கஷ்டமான ஒன்றும் நடந்தது. என் பழைய நண்பர் ஒருவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், முதல் நாளிலிருந்து கூட நின்றார். தளத்தை வெட்டினதும் அவர்தான். அவர் 110 கிலோ. நான் 84, பாய் இழுப்பவர் 96, பாய்மரத்தடியில் நிற்பவர் 78, மருமகள் 58. கூட்டினால் 426. இரண்டு நாள் சொல்லாமல் இழுத்தடித்தேன். பிறகு அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, படகை ஆர் கட்டி இழுக்கப்போறது? உன்ரை காராலை ஏலாது" என்றார். கடைசியில் அவருடைய பிக்கப்தான் படகை இழுத்தது. அவருடைய இடத்துக்கு ஒன்பது வருடமாகப் போட்டிகளில் ஓடுகிற பெண் ஒருவர் வந்தார், 71 கிலோ. மொத்தம் 387.

ஜூன், ஜூலையில் புதனும் ஞாயிறும் பயிற்சி. ஜே/24இல் காற்று பின்னால் இருக்கும்போது பக்கம் மாற, ஸ்பினக்கர் கம்பின் ஒரு முனையைப் பாய்மரத்திலிருந்து கழற்றிப் புதுப் பக்கத்துக் கயிற்றில் மாட்டி, மற்ற முனையைப் பாயிலிருந்து விடுவித்துப் பாய்மரத்தில் மாட்ட வேண்டும். மருமகளுக்கு முதலில் இருபது விநாடிக்கு மேல் எடுத்தது. அதற்குள் பாய் சுருண்டுவிடும். பிழை அவளில் இல்லை. நான் சுக்கானை வேகமாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். "மாமா, நீங்கள் மெல்லத் திருப்புங்கோ, நான் மாட்டிப்போட்டுச் சொல்லுறன்" என்றாள். அன்றிலிருந்து அவள் சத்தம் கேட்ட பிறகுதான் திருப்பி முடிப்பேன். ஜூலை கடைசியில் எட்டு விநாடிக்கு வந்துவிட்டாள்.

கிங்ஸ்ரன் 1976 ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் நடந்த இடம். பாய்மரத்தை இறக்கிப் படகின் மேல் கட்டி, டிரெய்லரின் சில்லு பெயரிங்குகளுக்குக் கிறீஸ் போட்டு, 401 நெடுஞ்சாலையில் மெதுவாகப் போனோம். அங்கே பாய்மரத்தை நிறுத்தி, உச்சிக் கயிற்றில் அளவுநாடாவைக் கட்டி ஏற்றி, இரண்டு பக்கமும் ஒரே நீளம் வரும்வரை பக்கக் கம்பிகளை முறுக்கினோம். படகைத் தண்ணீரில் இறக்குவது கிரேனால். கீலின் போல்ட்டுகளில் பட்டியை மாட்டி, அறை வாசலால் மேலே எடுத்து, ஒரே கொக்கியில் தூக்குவார்கள். நான்கரை மாத உழைப்பு ஒற்றைக் கொக்கியில் மெதுவாகச் சுழன்றபோது யாரும் பேசவில்லை.

போட்டிக்கு முன் நடந்த படகுச் சோதனையில் ஒரு குறை பிடித்தார்கள். பின்பக்கப் பெட்டி மூடியின் தாழ் தளர்ந்திருந்தது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் படகு பலமாகச் சாயும்போது அந்த மூடி திறந்தால் தண்ணீர் நேரே உள்ளே போகும். பழைய ஜே/24கள் சில அப்படித்தான் மூழ்கின. அண்ணை ஓடிப்போய்ப் புதுத் தாழ் வாங்கி வந்து பூட்டினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது.

கிங்ஸ்ரனில் நல்ல வெயில் நாளென்றால் மத்தியானத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்று எழும்பும். எனக்கு அது சோழகம். வல்வெட்டித்துறையில் பிறந்தவனுக்கு அந்தத் திசைக் காற்றுக்கு வேறு பெயர் வாயில் வராது. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி மாசச்சூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போன கதையை மருமகளுக்கு அன்று காலைதான் சொன்னேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் அந்தக் காற்று 20 நொட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீற்றர்) வேகத்தைத் தொட்டது. ஜெனோவா என்கிற பெரிய முன்பாயை இறக்கி, ஜிப் என்கிற சின்னதைப் போட்டோம். கடைசிச் சுற்றில் எங்களுக்கு முன்னால் போன இரண்டு படகுகள் பக்கம் மாறும்போது நிலைகுலைந்து சாய்ந்தன. நான் காத்திருந்தேன். "மாட்டியாச்சு!" என்ற சத்தம் வந்தது. திருப்பினேன். பாய் ஒரு தரம் படபடத்துவிட்டு நிரம்பியது. இருபத்திரண்டு படகுகளில் ஒன்பதாவதாக வந்தோம். மொத்தத்தில் பதின்மூன்றாம் இடம்.

மருமகள் செப்ரெம்பரில் மேல்படிப்புக்காக ஹலிபாக்ஸ் போய்விட்டாள். மீதி நாலு பேரும் 329 கிலோ. அதனால் இந்த வசந்தத்துக்கு 71 கிலோவைத் தாண்டாத, அணியத்தில் நனையத் தயாரான ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மூன்று பேர் ஓம் என்றிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உப்புத்தாள் வாங்கி வைத்திருப்பேன்.