என்னவென்று தெரியாமலே கணக்குப் போடும் கணினி

குவாண்டம் கணினியை வீட்டிலிருந்து தொட்டுப் பார்ப்பது ஒன்றும் புதிதில்லை. 2016 மே மாதமே ஐபிஎம் தன்னுடைய ஐந்து க்யூபிட் (சாதாரணக் கணினியின் பிட்டுக்குச் சமமான குவாண்டம் அலகு) இயந்திரத்தை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. கிஸ்கிட் என்கிற ஐபிஎம்மின் நிரல் கருவியில் பத்துப் பதினைந்து வரி எழுதி, இரண்டு க்யூபிட்டைப் பின்னி, அதாவது ஒன்றின் விடை மற்றதோடு ஒத்துப்போகும்படி இணைத்து அனுப்பினால், வரிசையில் காத்துக் கிடந்து பதில் வரும். 00, 11 இரண்டும் பாதிப்பாதி வரவேண்டும், ஆனால் நடுவில் கொஞ்சம் 01, 10 எட்டிப் பார்க்கும், அதெல்லாம் இயந்திரத்தின் பிழை. சரி, இதில் நம் லேப்டாப்புக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே போய்வருவது வெறும் சாதாரண டேட்டாதான், குவாண்டம் சமாச்சாரம் எதுவும் கம்பியில் வருவதில்லை.

என்னை உறுத்துவது வேறு. வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பினாலும் அந்தப் பக்கம் திறந்துதானே ஆகவேண்டும்? புது மருந்துக்கான மூலக்கூறை ஆராய்கிற கம்பெனி தன் கணக்கை அப்படியே சர்வர்காரரிடம் ஒப்படைக்குமா?

இதற்கு 2009-லேயே ஆன் பிராட்பென்ட், ஜோசப் ஃபிட்ஸ்சைமன்ஸ், எல்ஹாம் கஷெஃபி என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் ஒரு வழி சொல்லிவிட்டார்கள், என்ன கணக்கு என்று சர்வருக்கே தெரியாமல் அதைப் போடவைக்கும் வழி. 2024-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அதைச் செய்து காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்தது. சர்வரில் க்யூபிட்டாகச் சிறைப்பட்ட ஸ்ட்ரான்சியம் அயனி (மின்னேற்றம் பெற்ற அணு) ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, உமிழும், அது அயனியோடு பின்னிப்பிணைந்தபடியே ஃபைபர் வழியாக நம் பக்கம் வரும். எந்தக் கோணத்தில் அதை அளக்கிறோம் என்பது நமக்கு மட்டும் தெரியும், ஆனால் அளந்த கணமே அங்கிருக்கும் அயனியின் நிலை அந்த ரகசியக் கோணத்துக்கு ஏற்ப அமைந்துவிடும். அப்புறம் நாம் சர்வருக்குச் சொல்கிற ஒவ்வொரு கட்டளையிலும் அந்த ரகசியத்தைக் கலந்துவிட்டால், அதன் கண்ணுக்கு எல்லாமே தற்செயலான எண்கள். விடையும் அப்படித்தான், நம்மால் மட்டுமே பிரித்துப் படிக்க முடியும். நடுநடுவே விடை தெரிந்த சோதனைக் கணக்குகளையும் நுழைத்து, சர்வர் ஏமாற்றுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்!

இதைப் படித்துவிட்டு ‘இனி செல்போனிலேயே ரகசிய குவாண்டம்’ என்று குதிப்பவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: உங்கள் போனில் ஒற்றை ஃபோட்டானை அளக்கும் கருவி இருக்கிறதா? வைஃபை இதற்கு உதவாது, ஃபைபர் வேண்டும். அதிலும் அந்த அயனி தரும் ஊதா நிற ஒளி ஃபைபரில் கொஞ்ச தூரத்திலேயே மங்கிவிடும், ஊர் விட்டு ஊர் அனுப்பவேண்டுமானால் ஃபைபருக்குத் தோதான அலைநீளத்துக்கு மாற்றியாகவேண்டும்.